அறுபத்து மூன்று மனித மாதங்கள்

மூன்று போகம் மஞ்சளுக்கு இருபத்தேழு மாதம் போதும். இந்த உண்மை நவநீதனுக்குக் கடைசியில்தான் தெரிந்தது.

தமயந்தி அவனிடம் சொன்னது முப்பத்தாறு. மஞ்சள் ஆராய்ச்சி நிலையத்தில் பயிர் நோய் பார்ப்பவள் அவள். திட்டங்களுக்குக் கால அட்டவணை போடுபவன் இவன். எந்த வேலை எந்த மாதம் தொடங்கும், எந்த மாதம் முடியும், யார் செய்வார் என்று பட்டை பட்டையாக வரைந்து நிதிக் குழுவுக்கு அனுப்புவதுதான் அவன் பிழைப்பு. அவள் முப்பத்தாறு என்றதை அவன் நாற்பத்தைந்து ஆக்கினான். குழு எந்த விண்ணப்பத்தையும் முழுசாக ஒப்புக்கொண்டதில்லை. மூன்றில் ஒரு பங்கை வெட்டிய பிறகுதான் பேனாவையே திறக்கும். வெட்டுவதற்கென்று கொஞ்சம் சதை வைத்து அனுப்புவது நிலையத்தில் எல்லோரும் செய்கிற காரியம். இயக்குநர் திருமூர்த்தி அட்டவணையை மேலும் கீழும் பார்த்துவிட்டு, ரொம்ப ஒல்லியாக இருக்கிறதே என்றார். அறுபத்து மூன்று ஆனது.

குழு வெட்டவில்லை.

அனுமதிக் கடிதத்தில் ஒரு பாராட்டு வேறு இருந்தது. மற்ற நிலையங்கள் பின்பற்றத்தக்க நேர்மையான கால மதிப்பீடு என்று எழுதியிருந்தார்கள். திருமூர்த்தி அதை நகலெடுத்து அறிவிப்புப் பலகையில் ஒட்டச் சொன்னார். நவநீதன் நகலெடுத்தான். ஒட்டவில்லை. மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வராந்தாவில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தான்.

வேறு திட்டமாக இருந்தால் மிச்ச மாதங்களில் அறிக்கை எழுதிக்கொண்டு, கருத்தரங்குக்குப் போய்க்கொண்டு காலத்தைத் தள்ளிவிடலாம். இது விரைவறைக்கான விண்ணப்பம்.

திம்பம் மலைமேல் இருந்தது அந்த அறை. ஒரு கல்யாண மண்டபம் அளவுக்குப் பெரியது. அதற்குள் ஒரு வருஷம் ஓடினால் வெளியே ஒரு மாதம்தான் போயிருக்கும். உள்ளே விளக்குகள், மண் தொட்டிகள், தண்ணீர், ஐந்து வருஷத்துக்கான சாப்பாட்டுச் சாமான். ஈரோட்டுப் பக்கம் மூன்றில் இரண்டு பங்கு மஞ்சள் காடு புதுசாக வந்த கிழங்கு அழுகலில் போய்விட்டது. வருகிற வைகாசி நடவுக்குள் நோய் தாங்கும் விதைக்கிழங்கு வேண்டும். வெளியே வளர்த்துத் தேர்ந்தெடுக்க நேரம் கிடையாது. ஆகவே தமயந்தி மார்கழியில் உள்ளே போய், வெளியே ஐந்து மாதம் ஆகும்போது கிழங்கோடு திரும்புவாள். அவளுக்கு மட்டும் ஐந்தே கால் வருஷம் ஆகியிருக்கும். முப்பத்தாறு வயதில் போகிறவள் நாற்பத்தொன்றில் வருவாள். மகள் சுடருக்கு அப்போதும் ஒன்பது வயதுதான்.

உள்ளே கடிதம் போகாது, குரல் போகாது. குறித்த காலம் முடியாமல் கதவு திறக்காது.

நவநீதன் மலைக்குப் போன் செய்தான். அறைப் பொறுப்பாளர் அருமைநாயகம் நாகர்கோவில்காரர், எதையும் நிதானமாகச் சொல்கிறவர். கொஞ்சம் கூடுதலாகக் கேட்டுவிட்டோம், குறைத்துக்கொள்ள வழி உண்டா என்று இவன் கேட்டதும் அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம் கேட்டது. அதில் கேலி இல்லை.

"எல்லாரும் கடிதம் வந்த பொறவுதான் தம்பி இதைக் கேக்குதாவ. கையெழுத்தான அன்னைக்கே அறையைத் திருக ஆரம்பிச்சாச்சுல்லா. சாவி கொடுத்த கடிகாரம்னு வச்சுக்கிடுங்க. அறுபத்து மூணுக்குத் திருகினா அறுபத்து மூணும் ஓடித் தீரணும். பாதியில நிறுத்தினா உள்ள இருக்கவங்க உடம்பு தாங்காது."

முன்பெல்லாம் குழு வெட்டத்தான் வெட்டியது என்றார். வேலை முடியாமல் வெளியே வந்தவர்கள் மறுபடி உள்ளே போக மறுத்தார்கள், ஒருவர் வழக்குப் போட்டார். இந்த வருஷம் முதல் கேட்டதை அப்படியே கொடுப்பது என்று முடிவு. இடத்தை விட்டுக்கொடுத்தால் அடுத்த முறை வர இரண்டு வருஷம் ஆகும். அதற்குள் மஞ்சள் காடு இருக்காது.

தமயந்தி ஆய்வுக்கூடத்தில் கிழங்கு நறுக்கிக்கொண்டிருந்தாள். அவன் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னான். தான் கூட்டியது, இயக்குநர் கூட்டியது, குழு வெட்டாதது. அவள் கோபப்படுவாள் என்று காத்திருந்தான். அவள் கத்தியை வைத்துவிட்டு மஞ்சள் படிந்த விரல்களைப் பார்த்தாள்.

"முப்பத்தாறும் வேண்டாங்க நவநீதன். இருபத்தேழு போதும். ஒரு போகம் கைவசம் இருக்கட்டும்னு நானும்தான் கூட்டிச் சொன்னேன்."

ஆளுக்குக் கொஞ்சம். மூன்று பேர் சேர்ந்து மூன்று வருஷம். வேலை முடிந்த பிறகு அவள் அந்த விளக்குகளுக்கடியில், பேச ஆளில்லாமல், மூன்று வருஷம் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். போகவில்லை என்று சொல்லிவிடுங்களக்கா என்றான் அவன். அப்புறம் கிழங்குக்கு யார் போவது என்று கேட்டாள்.

அன்றிலிருந்து நவநீதனுக்கு ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. பஸ்ஸில் இடம் கிடைத்தாலும் நின்றுகொண்டு போனான். சாப்பாட்டுத் தட்டை வைத்துவிட்டு எழுந்து போய், எதற்கு எழுந்தோம் என்று தெரியாமல் திரும்பி வந்தான். கடிதத்தைப் படித்தபடியே இருந்தான். பதினாலாவது முறையோ பதினைந்தாவது முறையோ படிக்கும்போதுதான் அந்தச் சொல் கண்ணில் நின்றது. அனுமதி அறுபத்து மூன்று மாதங்களுக்கு அல்ல. அறுபத்து மூன்று மனித மாதங்களுக்கு.

பத்து வருஷமாக அவன் தட்டச்சு செய்துவரும் சொல். ஓர் ஆள் ஒரு மாதம் வேலை செய்தால் ஒரு மனித மாதம். ஆறு மனித மாத வேலையை ஓர் ஆள் ஆறு மாதத்தில் முடிக்கலாம், இரண்டு ஆள் மூன்று மாதத்தில் முடிக்கலாம். காகிதத்தில் அவன் தினமும் செய்கிற கணக்கு. ஓர் அறைக்கும் இது பொருந்துமா என்று அவன் யோசித்ததே இல்லை.

பஸ்ஸை விட்டு இறங்கி அங்கேயே நின்று அருமைநாயகத்தைக் கூப்பிட்டான்.

"பொருந்தும்" என்றார் அவர். "அறைக்கு ஆள் கணக்குதான். உள்ள மூச்சு விடுத உடம்பு எத்தனையோ அத்தனை மடங்கு சீக்கிரம் சுருள் அவிழும். சின்னது பெரிசு, ஆணு பொண்ணுன்னு அதுக்குத் தெரியாது. ரெண்டு பேர் போனா முப்பத்தொன்னரை மாசத்துல கதவு திறந்துரும்."

இதை ஏன் யாரும் செய்வதில்லை என்று கேட்டான்.

"ஒருத்தரோட அஞ்சு வருஷத்தைப் பாதியாக்கணும்னா இன்னொருத்தர் ரெண்டரை வருஷத்தைத் தூக்கித் தரணும்லா தம்பி. யாரு தருவா?"

நவநீதன் தருவதாக இருந்தான். அதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. பதினாலு மாதம் முன்பு பிரசவத்தில் அவன் மனைவி செவ்வந்தி போய்விட்டாள். குழந்தை மூச்சே விடவில்லை. அதன் பிறகு வந்த நாட்கள் அவன் கையில் செலவாகாமல் கிடந்தன. அதில் ஒரு பங்கை யாராவது வாங்கிக்கொண்டால் நல்லது என்றுதான் தோன்றியது.

இரண்டாவது ஆள் நவநீதன் என்று புது அட்டவணை தயாரானது. மூன்றாம் நாள் தமயந்தியின் கணவன் சென்னியப்பன் நிலையத்துக்கு வந்தான். கவுந்தப்பாடிப் பக்கம் நாலு ஏக்கர் மஞ்சள் வைத்திருந்து முழுதும் அழுகக் கொடுத்தவன். தேநீரைக் குடித்து முடிக்கும் வரை மழையைப் பற்றிப் பேசினான். பிறகு டம்ளரைக் கவனமாக மேஜை ஓரத்தில் வைத்தான்.

"தப்பா எடுத்துக்காதீங்க தம்பி. நீங்க தங்கமான ஆளுன்னு எனக்குத் தெரியும். ஆனா ஒரே அறைக்குள்ள, ரெண்டரை வருஷம். ஊர் வாயை யாரு கட்டறதுங்க?"

வெளியே எழுபத்தொன்பது நாள்தான் என்று நவநீதன் சொல்லிப் பார்த்தான். ஊர் எழுபத்தொன்பது நாளைப் பேசாதுங்க, ரெண்டரை வருஷத்தைத்தான் பேசும் என்றான் சென்னியப்பன். அவன் சொன்னதில் பிழையில்லை. அதற்குள் தமயந்தி வந்து கதவோரம் நின்றிருந்தாள்.

"நான் தனியாளாப் போயி அஞ்சு வருஷம் கழிச்சு நரைச்ச தலையோட வந்தா ஊர் என்னங்க பேசும்?" என்று கேட்டாள். "ஒண்ணும் பேசாது. அது உங்களுக்குப் பரவால்ல."

சென்னியப்பன் அவளைப் பார்க்கவில்லை. காலி டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தான். வெளியே யாரோ பம்புசெட்டை நிறுத்தினார்கள்.

"பரவால்லன்னு சொன்னனா?" என்றான் கடைசியில். "நான் வர்றன். காடு சும்மாதானே கெடக்குது. மஞ்சள் நடறதுக்கு எனக்குச் சொல்லித் தரணுமா?"

அதோடு முடிந்தது. சுடர் அவள் அத்தை வீட்டில் இருப்பது என்று ஏற்பாடு. குழுவுக்கு ஆட்சேபணை இல்லை; இரண்டாவது ஆள் அனுபவமுள்ள விவசாயி என்பது அவர்களுக்குப் பிடித்திருந்தது. திருமூர்த்திக்கு ஏக சந்தோஷம். நவநீதனுக்கு இரண்டு பேருக்கும் வேலை பிரித்து மறுபடி பட்டை வரையும் வேலை வந்தது. நடவு, களை, நீர், அழுகல் சோதனை, அறுவடை, தேர்வு. மூன்று போகத்துக்கும் இருபத்தேழு மாதம். மிச்சம் நாலரை மாதம், எதற்கும் இருக்கட்டும் என்று.

அட்டவணையோடு இடர்ப் பட்டியல் ஒன்றும் வைக்க வேண்டும். என்னவெல்லாம் தவறாகப் போகலாம், போனால் என்ன செய்வது என்று. விளக்கு பழுதாகலாம். பம்பு நிற்கலாம். காய்ச்சல், பல்வலி, மனச்சோர்வு. பதினோரு வரிகள் எழுதிய பிறகு நவநீதன் பன்னிரண்டாவதாக ஒன்று எழுதினான். புருஷன் பெண்டாட்டி இரண்டரை வருஷம் ஓர் அறையில் இருக்கப்போகிறார்கள். எழுதியதையே பார்த்துக்கொண்டிருந்தான். இந்தப் பட்டியலைத் திருமூர்த்தி கூட்டத்தில் வரி வரியாக வாசிப்பார். எதிரில் சென்னியப்பன் உட்கார்ந்திருப்பான். தமயந்தி இருப்பாள். கணக்குப் பிரிவு ஆட்கள் இருப்பார்கள். அவர்கள் படித்தவர்கள், அவர்களுக்குத் தெரியாதா என்று நினைத்தான். இதை நான் போய்ச் சொல்வதா என்று நினைத்தான். வரியை அழித்தான்.

மருத்துவப் பரிசோதனை செய்த டாக்டரும் கேட்கவில்லை. குழுவும் கேட்கவில்லை. எல்லோரும் நாகரிகமானவர்கள்.

மார்கழி பத்தாம் தேதி கதவு மூடியது.

தினமும் காலை பத்து மணிக்கு மலையிலிருந்து ஒரு செய்தி வரும். இரண்டே விவரம். உள்ளே எத்தனை ஆள், கதவு திறக்க எத்தனை நாள். ஆள் இரண்டு, மீதம் எழுபது. ஆள் இரண்டு, மீதம் ஐம்பத்தொன்று. நவநீதன் அதைப் பார்த்துவிட்டுத் தன் அட்டவணையில் ஒரு கோட்டை நகர்த்துவான். இப்போது முதல் போகம் வெட்டுகிறார்கள். இப்போது இரண்டாவது நடுகிறார்கள். அந்த ஒரு நிமிஷம் மட்டும் அவன் அலையாமல் உட்கார்ந்திருப்பான்.

நாற்பத்துநாலாம் நாள், ஆள் இரண்டு, மீதம் முப்பத்தைந்து என்று வந்தது.

நாற்பத்தைந்தாம் நாள், ஆள் மூன்று, மீதம் இருபத்து மூன்று.

போனைக் காதில் வைத்தபோது அருமைநாயகம் அவனுக்காகவே காத்திருந்தவர் போல எடுத்தார். காலை ஏழே முக்காலுக்கு எண் மாறியதாம். கருவியில் பழுதோ என்று மூன்று முறை சோதித்துவிட்டார்களாம். பழுது இல்லை.

"பிள்ளைதான் தம்பி" என்றார். "மூச்சு விட்டாத்தானே அது எண்ணும். விட்டிருக்கு."

நவநீதன் எதையும் பூட்டாமல் கிளம்பினான். சத்தியமங்கலத்தில் பஸ் மாறினான். உள்ளே ஒரு நாள் என்பது வெளியே இரண்டு மணி நேரம். செவ்வந்திக்கு எல்லாம் முடிய ஆறு மணி நேரம் ஆனது. அது இங்கே அரை மணி. அப்படியென்றால் அவனுக்குச் செய்தி வருவதற்கு முன்பே தமயந்தி பிழைத்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் எண் இரண்டாகியிருக்க வேண்டும். எண் மூன்று. கணக்கு அவனுக்குப் புரிந்தது. கால்களுக்குப் புரியவில்லை. பண்ணாரியில் பஸ் நின்றபோது மறுபடி கூப்பிட்டுக் கேட்டான். மூன்று. கொண்டை ஊசி வளைவுகளில் சிக்னல் கிடைக்கவில்லை. இருபத்தேழு வளைவையும் கம்பியைப் பிடித்து நின்றபடி ஏறினான். உள்ளே டாக்டர் இல்லை. ஒரு மருந்துப் பெட்டி இருந்தது. அதில் என்னென்ன இருக்க வேண்டும் என்ற பட்டியலையும் அவன்தான் போட்டிருந்தான். காய்ச்சல் மாத்திரை, கட்டுத்துணி, பல்வலித் தைலம்.

அறையின் வெளிச்சுவரில் கையகலப் பலகை ஒன்று. அதில் மூன்று என்ற எண் எரிந்துகொண்டிருந்தது. அதன் எதிரே ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டார் அருமைநாயகம். நவநீதன் உட்காரவில்லை.

"இது ரெண்டாச்சுன்னா, யாருன்னு காட்டுமா சார்?"

"காட்டாது."

காட்டாமல் இருப்பதே நல்லது என்றார் அவர். ஓர் ஆள் குறைந்தால் கதவு திறக்கிற நாள் பின்னால் தள்ளிப் போகும், அவ்வளவுதான்.

மதியம் திருமூர்த்தி போன் செய்தார். விஷயம் அவருக்கு எட்டியிருந்தது. பத்திரிகைக்குப் போகக் கூடாது என்றார் முதலில். அப்புறம் கொஞ்சம் குரலைத் தாழ்த்தி, மூணாவது போகம் இடிக்குதேப்பா, இருபத்தேழாம் மாசமே கதவு திறந்துட்டா கிழங்கு முத்தியிருக்குமா, திருத்தின அட்டவணையை இன்னிக்கே அனுப்பு என்றார்.

நவநீதன் நாற்காலியில் உட்கார்ந்து கணினியைத் திறந்தான். மிச்சமாக வைத்திருந்த நாலரை மாதமும் போயிருந்தது. மூன்று பேர் கூட்டி வைத்ததில் இனி ஒரு நாள் கூட உபரி இல்லை. அறுவடைப் பட்டையை முன்னால் இழுத்தான். மேலே புதிதாக ஒரு வரி சேர்த்தான். பணி: குழந்தை வளர்ப்பு. ஆட்கள்: இருவரும். மாதம் பதினெட்டு முதல். இடர்ப் பட்டியலில் பன்னிரண்டாவது வரியை எழுதினான். இந்த இடர் முன்பே தெரிந்திருந்தும் குறிப்பிடப்படவில்லை என்று கீழே சேர்த்துத் தன் பெயரைப் போட்டான். இதை எப்படிப்பா குழுவுக்கு அனுப்பறது என்று திருமூர்த்தி கேட்டபோது, அனுப்பிட்டேனுங்க என்றான்.

சுடரின் அத்தைக்கும் அவன்தான் சொன்னான். சுடருக்கு இப்போது சொல்ல வேண்டாம் என்றாள் அவள். சொல்லி வைத்து, அப்புறம் ஏதாவது ஒன்று ஆகிவிட்டால்?

இருபத்து மூன்று நாளும் அவன் மலையை விட்டு இறங்கவில்லை. விடிந்ததும் பலகைக்கு வருவான். பல் தேய்த்துக்கொண்டே பார்ப்பான். பின்னால் திரும்பி நடந்து, நாலடி போய், மறுபடி திரும்பிப் பார்ப்பான். மூன்று. அவன் ஒரு வேளை சாப்பிட்டு எழுவதற்குள் உள்ளே ஓர் இரவு கழிந்திருக்கும். அவன் சட்டை துவைத்துக் காய வைத்து எடுப்பதற்குள் குழந்தை கவிழ்ந்து படுக்கப் பழகியிருக்கும், காய்ச்சல் வந்திருக்கும், போயிருக்கும். மூன்று. ஒரு நாள் மின்னழுத்தம் குறைந்து பலகை நாலு நிமிஷம் அணைந்துபோனது. அந்த நாலு நிமிஷமும் அருமைநாயகம் அவன் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார். வெளிச்சம் வந்தபோது மூன்றுதான் இருந்தது. அவர் தன் வீட்டுக் கதை ஏதோ சொல்ல ஆரம்பித்தார். நவநீதன் காதில் விழவில்லை.

அறுபத்தெட்டாம் நாள் காலை, சுடரும் அத்தையும் வாடகைக் காரில் வந்து இறங்கினார்கள். அம்மா வர இன்னும் நாளிருக்கிறதே, ஏன் சீக்கிரம் என்று சுடர் வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தாளாம். வேலை முடிந்துவிட்டது என்று அத்தை சொல்லியிருந்தாள்.

பத்தே காலுக்கு எண் அணைந்தது. கதவு ஒரு கையகலம் திறந்து, நின்று, பிறகு முழுதும் திறந்தது. உள்ளிருந்து மண்ணும் பச்சை மஞ்சளும் கலந்த வாசனை வந்தது. முதலில் சென்னியப்பன் வந்தான். தாடி பாதி வெளுத்திருந்தது. தலையில் மூட்டை. பின்னால் தமயந்தி, இடுப்பில் குழந்தை. வெயில் பட்டதும் இருவரும் கண்ணை இடுக்கிக்கொண்டார்கள். குழந்தைக்கு அதுதான் முதல் வெயில். அது முகத்தைத் தாயின் கழுத்தில் புதைத்தது.

தமயந்தி சுடரைப் பார்த்தாள். பார்த்ததும், பக்கத்தில் நின்றிருந்த கைகளில் குழந்தையைத் திணித்துவிட்டு நடந்தாள். அவை நவநீதனின் கைகள். மகள் முன்னால் மண்டி போட்டாள். அவள் தலையில் கையை வைத்து, அதே கையை அதற்கு மேல் ஒரு சாண் உயர்த்தி அளந்தாள். இருபத்தேழு மாதமாக மனசுக்குள் வளர்த்துக்கொண்டிருந்த உயரம் அங்கே இல்லை.

"நீ வளரவே இல்லையே கண்ணு" என்றாள்.

சுடர் அம்மாவின் நெற்றியோரத்து வெள்ளை முடியை விரலால் தொட்டாள். அணைக்க வந்த கைகளுக்குள் உடனே போகவில்லை. ஒரு அடி பின்னால் நின்று முகத்தை முழுசாகப் பார்த்த பிறகுதான் போனாள். தமயந்தி அந்த ஒரு அடியையும் பார்த்தாள்.

சென்னியப்பன் மூட்டையை இறக்கி, நவநீதன் பக்கத்தில் வந்து நின்றான். மூணாவது போகம் எட்டு நாள் முன்னாடியே வெட்டிட்டோம், நாலு தொட்டி கிழங்கு அழுகாம நின்னுருக்குதுங்க என்றான். பிறகு, யாரும் கேட்காமலே சொன்னான்.

"உள்ளேயும் ஒரு பலகை இருக்குதுங்களே. இவன் அழுததும் அதுல நாலரை மாசம் கொறஞ்சுது. நான் துணியைத் தேடிட்டு நிக்கறன். அவ அந்த வலியிலும் அதைப் பாத்துட்டுச் சிரிக்கறா. பொறந்ததும் பொறக்காததுமா அம்மாவுக்கு நாலரை மாசம் குடுத்துட்டானுங்க."

குழந்தை நவநீதன் கையில் கனமாக இருந்தது. நெஞ்சு ஏறி இறங்கியது. அவன் முகத்தையே பார்த்தது. அம்மா, அப்பா இரண்டு முகம் தவிர உலகத்தில் முகம் உண்டு என்று அதற்கு இதுவரை தெரியாது. கையை நீட்டி அவன் மூக்கைப் பிடித்துப் பார்த்தது.

"இது யாரு?" என்று சுடர் கேட்டாள்.

"உன் தம்பி" என்றான் சென்னியப்பன்.

"எப்போ?"

பெரியவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். யாரும் சொல்லாததால் சுடர் நவநீதன் பக்கம் திரும்பினாள்.

"இருபத்து மூணு நாளாச்சு கண்ணு" என்றான் அவன்.

அவன் மூக்கைப் பிடித்துக்கொண்டு, கீழ் ஈறில் இரண்டு பல் தெரியச் சிரிக்கும் குழந்தையைச் சுடர் மேலிருந்து கீழாகப் பார்த்தாள்.

"பொய்" என்றாள்.

புதுக் குரல் வந்த பக்கம் குழந்தை திரும்பியது.